முட்டைக்குப் பதில் பழமா? சத்துணவுப் பட்டியல் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் ஓர் அரசுப் பள்ளியின் சத்துணவு மையத்தில் 32 வருடம் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளுக்கு நான் 'சத்துணவு டீச்சர்'. பாடம் எடுத்த டீச்சர்கள் மாற்றல் வாங்கிக் கீழே இறங்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள். நான் மட்டும் அதே அடுப்படிக்குப் பக்கத்தில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

கேட்க வந்தது ஒரே ஒரு விஷயம். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு அதற்குப் பதிலாக 100 கிராம் வாழைப்பழம் கொடுக்கிறோம். அந்த இடத்தில் ஒரு கரண்டி கடலையோ பயறோ கொடுக்க உத்தரவு போடுங்கள். நேரம் இல்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இருப்பவர்களுக்கு மீதியைச் சொல்கிறேன்.

சத்துணவு முட்டையை எதிர்த்து எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் முட்டை சாப்பிடுபவள். 1989-ல் பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை என்று வந்தபோது, முதல் முட்டை நாளில் பிள்ளைகள் அதைத் தின்னாமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள். பாதிப் பேர் கால்சட்டைப் பைக்குள் போட்டுத் தங்கச்சிக்கு என்று வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி 2010-ல் வாரம் ஐந்து ஆனது. இந்த மலைப் பிள்ளைகளின் கன்னத்தில் அந்த ஐந்து முட்டை தெரிந்தது என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

ஆனால் எல்லாப் பிள்ளையும் முட்டை தின்பதில்லை. வீட்டிலேயே சைவம் என்ற பிள்ளைகள் எங்கள் பள்ளியில் குறைவுதான். முட்டை வாசனைக்கே குமட்டுகிற பிள்ளைகள் வகுப்புக்கு ஒன்றிரண்டு இருக்கும். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி என்று நாள் பார்க்கிற வீடுகள் இருக்கின்றன. பழநி மலையின் மேல் இருக்கிறோம், முருகனை எப்படி விடுவது? கார்த்திகை பிறந்தால்தான் கூத்து. அப்பா சபரிமலைக்கோ பழநிக்கோ மாலை போட, கூடவே மகனும் போடுவான். பூம்பாறை குழந்தை வேலப்பர் தேர் முடிகிறவரை சில வீடுகளில் கவிச்சி கிடையாது. அந்த மாதங்களில் என் முட்டை இருப்புப் பதிவேட்டில் மிச்சம் காட்டும். பழக்கணக்கு ஏறும்.

மாலை போட்ட பிள்ளையை எங்கள் சமையல் ஆயா பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "சாமி, தட்ட நீட்டுங்க சாமி" என்பார். மூன்றாம் வகுப்பு படிக்கிற சாமி ஒருவன், கறுப்பு வேட்டியும் இடுப்பில் துண்டுமாக, முட்டை வாங்குகிற வரிசையிலிருந்து தனியாக நின்று பழத்தை வாங்குவான். ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லோருக்கும் சுண்டல் போட்ட அன்று, தட்டில் சுண்டலைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "டீச்சர், சாமிக்கு முட்டைதான ஆகாது? சுண்டல் ஆகும்ல? அப்ப எனக்கு டெய்லி சுண்டல் போட்டா என்ன?"

அவன் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

கணக்கைப் பார்ப்போம். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு அட்டவணைப்படி 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 23 கிராம் புரதம் வேண்டும். 10 வயதைத் தாண்டினால் 32, 33 கிராமுக்கு ஏறிவிடும். மதிய உணவுக்கு நடுவணரசு வகுத்திருக்கும் அளவு, ஐந்தாம் வகுப்பு வரை, 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, எல்லாம் சேர்ந்து 450 கலோரி, 12 கிராம் புரதம். அரிசியிலேயே ஏழெட்டு கிராம் வந்துவிடுகிறது, பருப்பிலிருந்து நாலு கிராம். இதன்மேல் ஒரு முட்டை வைத்தால் சுமார் 6 கிராம் கூடும். ஒரு வேளைச் சோற்றிலேயே பதினெட்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அன்றைய தேவையில் முக்கால் பங்குக்கு மேல் பள்ளிக்கூடத்திலேயே முடிந்துவிடுகிறது. நம் திட்டத்தின் பெருமையே அதில்தான் இருக்கிறது.

முட்டைக்குப் பதில் பழம் வைத்தால்? 100 கிராம் வாழைப்பழத்தில் புரதம் ஒன்றேகால் கிராமுக்கு மேல் போகாது. ஆக நாளைக்கு ஏறக்குறைய ஐந்து கிராம் குறைகிறது. வாரம் ஐந்து நாள் என்றால் ஏறக்குறைய 24 கிராம். அந்தப் பிள்ளைக்கு ஒரு முழு நாளைக்குத் தேவையான புரதமே 23 தான். அதாவது பழம் வாங்கும் வரிசையில் நிற்கிற பிள்ளை, மற்ற பிள்ளைகளைவிட வாரத்துக்கு ஒரு நாள் புரதத்தை இழக்கிறது. மாலை போட்ட சாமிக்கு ஒரு மண்டலத்தில் விடுமுறை போக முப்பது பள்ளி நாள் என்று வைத்துக்கொண்டால் ஆறு நாளைக்கு மேல். வீட்டிலேயே சைவமான பிள்ளைக்கு வருடம் முழுக்க.

நான் பழத்தைக் குறை சொல்லவில்லை. அதைச் சொன்னால் எங்கள் மலையில் யாரும் எனக்குச் சோறு போட மாட்டார்கள். விருப்பாச்சிப் பழம் இல்லாமல் பழநிப் பஞ்சாமிர்தம் ஏது? கீழ்மலையில் தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கம் மலைவாழைதான் பாதிக் குடும்பங்களின் பிழைப்பு. பழத்தில் நல்ல மாவுச்சத்து உண்டு, பொட்டாசியம் உண்டு, பிள்ளைக்குப் பிடிக்கும். ஆனால் முட்டைக்குப் பதில் என்று பேர் வைத்துவிட்டு அதைக் கொடுத்தால், அது முட்டை செய்கிற வேலையைச் செய்ய வேண்டாமா? சிமெண்டு மூட்டை வர வேண்டிய இடத்துக்கு மணல் மூட்டை வந்தால், 'இதுவும் கட்டடத்துக்குத் தேவைதானே' என்று மேஸ்திரி கையெழுத்துப் போடுவாரா?

(இதில் மலைக்கே உரிய ஒரு தொல்லையும் இருக்கிறது. கீழே இருந்து வருகிற பழம் மார்கழிக் குளிரில் இரண்டு நாள் தாங்காது. தோல் கன்றிக் கறுத்துவிடும். உள்ளே நன்றாகத்தான் இருக்கும். பிள்ளை தொடாது.)

இனி கடலைக் கணக்கு. கறுப்புக் கொண்டைக்கடலையில் 100 கிராமுக்கு 19 கிராம் அளவுக்குப் புரதம். பச்சைப்பயறில் 22-க்கு மேல். 30 கிராம் கடலை ஊறவைத்து வேகவைத்தால் 65, 70 கிராம் சுண்டலாகும். அதில் ஐந்தரை ஆறு கிராம் புரதம் கிடைக்கும். முட்டைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முட்டைப் புரதம் முதல் தரம், கடலைப் புரதம் அதற்கு ஒரு படி கீழே என்று படித்தவர்கள் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் பிள்ளை கடலையைத் தனியாகத் தின்னவில்லை, சோற்றோடு தின்கிறது. அரிசியில் லைசின் என்ற புரதக் கூறு குறைவு, பயறு வகையில் அது தாராளம். பயறில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் அது இருக்கிறது. ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்பது அதே ஹைதராபாத் நிறுவனம் சொல்கிற விகிதம். நம் மதிய உணவில் ஐந்துக்கு ஒன்று. 30 கிராம் கடலை கூடினால் இரண்டுக்கு ஒன்றாகிறது, காலையிலும் ராத்திரியிலும் வெறும் சோறே தின்றாலும் நாள் மொத்தத்தில் அந்த விகிதத்துக்குக் கொஞ்சமாவது நெருங்கும்.

அந்த வெறும் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மாலை போட்ட வீடுகளில் நான் பார்த்தது இது. கறி மீன் முட்டையை நிறுத்திவிடுவார்கள். அந்த இடத்தில் எதையும் வைக்க மாட்டார்கள். ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். இல்லாவிட்டால் சௌசௌக் கூட்டு, அதுவும் பருப்பைக் கண்ணில் காட்டிவிட்டு. பூண்டுக் காட்டில் பகல் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த பொம்பளை, வீடு வந்து அடுப்பேற்றி, பருப்பு வேகிறவரை காத்திருக்கவா முடியும்? உருளைக்கிழங்கு பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. ஒரு அம்மாவிடம் கேட்டேன், "ஏம்மா, சாமிக்கு மொச்சைக் கொழம்பு ஆகாதா?" "ஆகும் டீச்சர். வேகத்தான் மாட்டேங்குது."

வேகவில்லை என்பது நொண்டிச் சாக்கு கிடையாது. சமவெளியில் இருந்து பட்டியல் போடுகிறவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டர் மேலே ஏறினால் ஒரு டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். இங்கே உலை தளதளவென்று கொதித்தாலும் சூடு 93 டிகிரிதான். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் ஏறாது. சோறு ஒப்பேறிவிடும். கடலை ஒப்பேறாது. கோடவுனில் கோடையைக் கழித்த பழைய கடலையாக இருந்தால் இன்னும் மோசம், அது கல்லாகவே இருக்கும். ஊறவைப்பதிலும் இதே கதைதான். மார்கழி ராத்திரியில் பச்சைத் தண்ணீரில் போட்ட கடலையை மறுநாள் காலையில் கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக மாவு தெரியும். முளை கட்ட வேண்டுமென்றால் கீழே ஒரு நாளில் முடிவது இங்கே மூன்று நாளாகும்.

நாங்கள் கண்டுபிடித்த வழி பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. மதியச் சமையல் முடிந்து பாத்திரம் கழுவக் காய்ச்சும் வெந்நீரோடு இன்னும் ஒரு குடம் காய்ச்சுவோம். கழுவிய கடலையில் கொதிக்கக் கொதிக்க அதை ஊற்றி மூடி, சாக்கைச் சுற்றி, அடுப்பு மூலையில் வைத்துவிட்டுப் பூட்டுவோம். காலையில் கடலை சதை பிடித்து உருண்டையாக இருக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் வைத்தால், நாலைந்து விசிலில் நசுங்கும். வாய்வு என்று பயப்படுகிறவர்களுக்கும் பாதிப் பதில் அந்தத் தண்ணீரைக் கொட்டுவதில் இருக்கிறது. மீதிப் பாதி இஞ்சியும் பெருங்காயமும். தக்காளியையோ புளியையோ வேகும் முன் சேர்க்கக் கூடாது, புளிப்பு பட்டால் பருப்பு முரண்டு பிடிக்கும். கடைசியில்தான் தாளிப்பு.

ஆனால் குக்கர் வேண்டும். எங்களுக்கு ரொம்ப வருடம் அது இல்லை. கடைசியில் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு பெரிய குக்கர் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த நாளிலிருந்து செவ்வாய்க்கிழமைச் சுண்டலைப் பிள்ளைகள் ஜன்னல் வழியே வீசுவது நின்றது. அதுவரைக்கும் காக்காய்களுக்குத்தான் புரதம்.

செவ்வாய்க்கிழமை என்றேனே, அதுதான் என் முக்கியமான வாதம். தலைக்கு 20 கிராம் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ வாரம் ஒரு நாள் கொடுப்பது நம் திட்டத்தில் புதிதில்லை. கடலை வாங்கவும், இருப்பு வைக்கவும், பதிவேட்டில் ஏற்றவும் எல்லா வழிமுறையும் இருக்கிறது. கலவைச் சாதங்கள் வந்தபோது மீல்மேக்கர்கூட வந்தது. அதில் பாதிக்குப் பாதி புரதம், பிள்ளைகள் அதைச் 'சைவக் கறி' என்று பொறுக்கித் தின்பார்கள். நான் புதுத் திட்டம் எதுவும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் செய்வதை, முட்டை வாங்காத பிள்ளைக்கு மட்டும் ஐந்து நாளும் செய்யுங்கள் என்கிறேன். நூறு பிள்ளை உள்ள பள்ளியில் பத்துப் பிள்ளைக்கு. முந்நூறு கிராம் கடலை. கார்த்திகை மாதத்தில் வேண்டுமானால் ஒரு கிலோ.

நானே ஒருமுறை இதைச் செய்து மாட்டிக்கொண்டேன். தை மாதம், பழம் கறுத்துப்போய் வந்த வாரம். ஆறு பிள்ளைகளுக்குச் செவ்வாய் மிச்சத்திலிருந்து பயறு வேகவைத்துக் கொடுத்தேன். தணிக்கைக்கு வந்தவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "பழம் எங்கே?" என்றார். சொன்னேன். "பட்டியல்ல இல்லாததை ஏன் குடுத்தீங்க?" என்றார். புரதக் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, 'ஆறு மாணவர்களுக்கு வாழைப்பழம் வழங்கப்படவில்லை' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பதிவேட்டில் உருப்படிக்குக் கட்டம் இருக்கிறது, சத்துக்குக் கட்டம் இல்லை. கட்டத்தில் உள்ளதைத்தானே அவர் பார்க்க முடியும்? அந்தக் கட்டத்தை வரைகிறவர்கள் நீங்கள், அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

கடலையே வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. சிலர் கடலைமிட்டாய் கொடுக்கலாமே என்பார்கள். 25 கிராம் வேர்க்கடலையில் 6 கிராம் புரதம் இருக்கிறது, அடுப்பும் மூட்ட வேண்டாம். சமவெளிக்குச் சரி. எங்கள் மலை ஈரத்தில் வேர்க்கடலை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலுக்குக் கெடுதல். மழை மாதங்களில் நான் அதை நம்பி வைக்க மாட்டேன். பால், தயிர் கொடுத்தால் அதைப்போல் நல்லது இல்லை. முட்டையில் இருக்கும் பி12 சத்து கடலையிலோ பயறிலோ கிடையாது, பாலிலும் தயிரிலும் உண்டு. ஆனால் மலைக் கோடியில் இருக்கும் கிளாவரை வரைக்கும் தினம் பால் கொண்டுபோய்ச் சேர்ப்பதை யோசித்தால் எனக்கே தலை சுற்றுகிறது. அது உங்கள் யோசனைக்கு.

இன்னொன்று, ஆசை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மலையில் பட்டர் பீன்ஸ் விளைகிறது, பச்சைப் பட்டாணி விளைகிறது, அவரை விளைகிறது. பச்சைப் பட்டாணியில் 100 கிராமுக்கு ஏழு கிராம் புரதம், கல்லாகக் கிடக்கும் பழைய கடலையைவிடச் சீக்கிரம் வேகும். காட்டில் பறிக்கிற பிள்ளையின் வீட்டுக்கு அதில் ஒரு கைப்பிடி வராது. நல்லதெல்லாம் மூட்டை கட்டிச் சந்தைக்கு இறங்கிவிடும், ரேஷன் அரிசி மேலே ஏறும். சீசனில் மலைப் பள்ளிகள் அந்தந்த ஊரிலேயே பட்டாணியோ அவரையோ வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வரி உத்தரவில் சேர்த்தால், கடலை மூட்டையை மலையேற்றும் செலவும் மிச்சம். விலை கட்டுமா என்றால், பட்டர் பீன்ஸ் கட்டாது, அதை நட்சத்திர ஓட்டல்களுக்கே விட்டுவிடலாம். பட்டாணி சில வாரங்களிலாவது கட்டும்.

வேலை கூடுமே என்று சமையலர்கள் முணுமுணுப்பார்கள். கூடும்தான். நானும் முணுமுணுத்திருப்பேன். முட்டை அவித்து உரிப்பதும் வேலைதான், அதை ஐந்து நாளாக்கியபோதும் முணுமுணுத்தோம். ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. உயரமான ஊர்களின் மையங்களுக்கு ஆளுக்கொரு நல்ல குக்கரும், கூடுதலாக எரியும் கேஸுக்குக் கொஞ்சம் பணமும் கொடுத்துவிட்டு வேலையைச் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு, பிள்ளைக்குப் புரதம் போதவில்லையானால் மாலை போடாதே என்று யாராவது பெற்றோருக்குப் புத்தி சொல்லக் கிளம்பிவிடக் கூடாது. விரதம் அவர்கள் வீட்டு விஷயம், நாம் தட்டில் வைப்பது நம் விஷயம்.

2022-ல் வந்த காலை உணவுத் திட்டம் நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. சாம்பாரோடு பொங்கல், கிச்சடி என்று காலையிலேயே பிள்ளையின் வயிற்றில் பருப்பு விழுகிறது என்று கேட்டு சந்தோஷப்பட்டேன். பட்டியலை மாற்ற முடியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்தச் சாமி இப்போது காலேஜ் முடித்துவிட்டான். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், என்னைவிட ஒரு முழம் வளர்ந்திருக்கிறான். இந்த வருடமும் மாலை போடப் போகிறானாம், கூட அக்கா மகனும் போடுகிறானாம். இரண்டாம் வகுப்பு. கார்த்திகைக்கு எத்தனை பிள்ளைக்குப் பழம் என்ற கணக்கு ஐப்பசிக் கடைசியிலேயே மையங்களிலிருந்து கிளம்பிவிடும். உத்தரவு அதற்கு முன்னால் வந்தால் அந்தக் கணக்கில் கடலை என்று எழுத வசதியாக இருக்கும். 30 கிராம் கடலைக்கு எந்தக் கரண்டி என்று கேட்டு யாராவது வந்தால், என் பழைய கரண்டி வீட்டில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
கொடைக்கானல் மேல்மலை.